பேட்ஜ் இல்லாத கார்

டெய்லரக்கா கார் வாங்கப் போகிறாள் என்று தெரிந்ததும் தெருவில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேள் என்றார் ஒருவர். டயரைப் பார், மற்றதெல்லாம் தானே தெரியும் என்றார் இன்னொருவர். மாடி வீட்டுக்காரர் தான் வாங்கி ஏமாந்த மூன்று கார்களின் கதையையும் நின்ற வாக்கிலேயே சொல்லி முடித்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அவள் ஒரே ஒரு கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அது எந்த வேரியண்ட்?"

போன வருடம் விழுந்து எழுந்ததிலிருந்து வந்த கேள்வி அது. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் சீருடை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். மூட்டைகளை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனவளை ஒரு வேன் பக்கவாட்டில் உரசிவிட்டுப் போயிற்று. காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிஷின்கள் உறை போட்டபடி கிடந்தன. கட்டுப் பிரித்த அன்றே அவள் கணவன், "போதும், இனிமே காருதான்" என்று சொல்லிவிட்டான். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவனுக்கு எதையும் உடனே திறந்து, உடனே மூடிவிட வேண்டும். அவளுக்கு அப்படி இல்லை.

"கார்னா, பக்கத்துல இடிச்சாலும் காப்பாத்துற காரா இருக்கணும்" என்றாள்.

அவர்கள் கைக்கு எட்டுகிற ஒரு கார் இருந்தது. தெருவுக்கு நாலு ஓடும், உதிரி பாகமும் சுலபமாகக் கிடைக்கும். பெயர் ஒன்றுதான், ஆனால் அதில் நாலு வேரியண்ட். முதல் இரண்டில் முன்னால் மட்டும் இரண்டு ஏர்பேக். மூன்றாவதில் சீட்டின் பக்கவாட்டிலும் ஏர்பேக் உண்டு, வண்டி வழுக்கினால் தானே பிடித்து நிறுத்துகிற ஏற்பாடும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் மட்டும் ஏழை வீட்டு வண்டி போலத்தான் இருக்கும். நாலாவதில் கூரையில் கண்ணாடி, பளபளக்கும் சக்கரம், இன்னும் என்னென்னவோ. முதல் இரண்டை அவர்களால் தாராளமாக வாங்க முடியும். மூன்றாவதைக் கொஞ்சம் மூச்சைப் பிடித்தால் வாங்கலாம். ஆனால் அந்த மூன்றாவது சந்தைக்கு வருவது குதிரைக் கொம்பாக இருந்தது.

அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். எதில் என்ன இருக்கும், எதில் இருக்காது, எங்கே பார்க்க வேண்டும் எல்லாம் அதில் இருந்தது. கம்பெனி ஷோரூமில் பழைய விளம்பரத் தாள்களைக் கேட்டு வாங்கி, நாலு வேரியண்டையும் நாலு பத்தியாகப் பிரித்து எழுதியிருந்தாள்.

அந்த நோட்டு முதலில் உதவியது ஒரு தரகரிடம். தகர வேலி போட்ட மைதானத்தில் முப்பது கார்களை நிறுத்தி வைத்திருந்த அந்தத் தரகர், வெள்ளை வண்டி ஒன்றின் டிக்கியைத் தட்டி, "பேட்ஜைப் பாருங்க தங்கச்சி. டாப் மாடல். இந்த விலைக்கு யாரு தருவா?" என்றார்.

அவள் பேட்ஜைப் பார்த்தாள். பிறகு உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பார்த்தாள். பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மூடி. சாவியைத் திருப்பினாள். டேஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைந்தன. வழுக்குகிற கார் போல ஒரு சின்னப் படம் எரிய வேண்டும், எரியவில்லை.

"அண்ணே, சின்னம்தான் டாப். வண்டி அடி மாடல்" என்றாள்.

"அது… முந்தின ஓனர் ஒட்டியிருப்பாரு தங்கச்சி. நாங்க அதையெல்லாம் எங்க பார்க்கிறோம்?"

"நேரா ஒட்டியிருக்கலாம். ஒரு பக்கம் இறங்கியிருக்கு. எங்க தொழில்ல பாக்கெட்டை இப்படி வெச்சா, பிரிச்சுத் தைக்கச் சொல்லிடுவாங்க."

மெக்கானிக் கணவனுக்குக் கொள்ளைப் பெருமை. அடுத்த ஒரு வாரம் ஃபிரிட்ஜ் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் அந்தக் கதையைச் சொன்னான். ஒவ்வொரு வீட்டிலும் பேட்ஜ் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

இரண்டு வாரம் கழித்து, அவன் ஃபிரிட்ஜுக்கு காஸ் போட்டுக் கொடுத்த வீட்டுக்காரர் ஒருவர் இன்னொரு வண்டியைப் பற்றிச் சொன்னார். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. கணவர் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. வண்டி ஷெட்டில் சும்மா நிற்கிறது. மறுநாள் காலையிலேயே இருவரும் போனார்கள்.

நூலகத்து அம்மா ஒல்லியாக, நிமிர்ந்து நின்று பேசுகிறவர். கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஷெட் கதவைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"முன்னாலயே சொல்லிடறேன் தம்பி. இது மொட்டை மாடல். உள்ள ஒண்ணும் கிடையாது. பெரிசா ஏதாச்சும் எதிர்பார்த்து வந்திருந்தீங்கன்னா உங்க நேரமும் வீண், என் நேரமும் வீண். வெளியூர்ல இருக்கற என் பையன் இந்த மாடலுக்கு என்ன விலைன்னு பார்த்துச் சொல்லியிருக்கான். அதுக்கு மேல ஒரு காசு கேட்க மாட்டேன். அதுக்குக் கீழயும் தர மாட்டேன்."

சாம்பல் நிற வண்டி. எட்டு வருடம் ஓடியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பின்பக்கம் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தது, வேரியண்ட் பேட்ஜ் இல்லை. அடி மாடலுக்கு அது இருக்காதுதான். மெக்கானிக் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டான். டெய்லரக்கா ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் அவள் விரல்கள் தாமாகவே சீட் உறையின் தையலைத் தடவிப் பார்த்தன. நல்ல கனத் துணி. முறுக்கிய நைலான் நூலில் இரட்டைத் தையல், கப்பல் பாயை அதில் தைத்தால்கூடப் பிரியாது. ஆனால் சாய்மானத்தின் கதவுப் பக்க ஓரத்தில் மட்டும் ஒன்றரை சாண் நீளத்துக்கு வேறு நூல். மெல்லிசான பருத்தி நூல், நீள நீளமான ஒற்றைத் தையல். கை தவறி வந்ததாகத் தெரியவில்லை. இவ்வளவு சுத்தமாகத் தைத்தவன் இந்த ஒரு இடத்தை மட்டும் இப்படி விடுவானா? இழுத்தால் உடனே பிரிய வேண்டும் என்று கணக்குப் போட்டுப் போட்ட தையல் அது. எட்டி அடுத்த சீட்டைத் தொட்டாள். அங்கேயும் அதே இடம், அதே நூல்.

"சாவியைக் கொஞ்சம் திருப்புங்க" என்றாள் கணவனிடம். விளக்குகள் எரிந்தன. நடுவில், வழுக்கும் காரின் சின்னப் படம் மஞ்சளாக ஒரு நொடி எரிந்து அணைந்தது.

இறங்கிப் பின்னால் போனாள். காலை வெயில் ஷெட்டுக்குள் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. டிக்கியின் ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பெயின்ட் மட்டும் வெயிலில் மங்காமல் இருந்தது, வாட்ச் கழற்றிய மணிக்கட்டைப் போல. குனிந்து பார்த்தால் எழுத்தின் வடிவம்கூடத் தெரிந்தது. யாரோ பேட்ஜைப் பதமாகச் சூடு காட்டிக் கழற்றியிருக்கிறார்கள்.

அவள் வாயைத் திறக்கவில்லை. வண்டியில் பொறித்திருந்த சேஸிஸ் நம்பரை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு, "சரிபார்த்துட்டு நாளைக்கு வர்றோம்மா" என்றாள்.

"தாராளமா பாருங்க. அதான் முறை" என்றார் அம்மா.

நேராகக் கம்பெனியின் உதிரி பாகக் கவுன்டருக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் வாயில் பேனாவைக் கடித்தபடியே நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார்.

"மூணாவது வேரியண்ட். நாலு ஏர்பேக், பின் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஃபேக்டரியிலேர்ந்து இப்படியேதான் வந்திருக்கு" என்றார்.

"சீட் கவர்ல ஓரத்துல மட்டும் மெல்லிசா தைச்சிருக்காங்களே, அது எதுக்கு?"

"கரெக்டா பார்த்திருக்கீங்களே! உள்ள ஏர்பேக் வெடிச்சா கவர் கிழிஞ்சு வழி விடணும். சாதாரணக் கவர் போட்டா பை உள்ளயே மாட்டிக்கும். அதை வாங்கினவர் விவரமான ஆளு."

வெளியே வந்ததும் மெக்கானிக்கின் கால் தரையில் நிற்கவில்லை. எதிர்க் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டான்.

"அடி மாடல் விலைக்கு மூணாவது! மிச்சப் பணத்துல நீ கேட்டுக்கிட்டே இருந்தியே, துணி வெட்டுற மிஷின், அதையே வாங்கிடலாம்."

"அந்தம்மாவுக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுதான். நாம ஏதாச்சும் பொய் சொன்னோமா? அவங்க விலை சொன்னாங்க, நாம குடுக்கிறோம். இதுல ஏமாத்து எங்க இருக்கு?"

அவள் தரகரிடம் அன்று நோட்டை எடுத்து எவ்வளவு நியாயம் பேசினோம் என்று நினைத்துப் பார்த்தாள். நமக்கு நஷ்டம் வரும்போது மட்டும் திறக்கிற நோட்டா அது? ஆனால் துணி வெட்டும் மிஷினும் கண் முன்னால் வந்து நின்றது. கையால் வெட்டி வெட்டிக் கட்டைவிரல் மரத்துப்போவது அவளுக்குத்தானே தெரியும்! ஒரு நாளைக்கு நாற்பது சட்டை வெட்டலாம் என்று மனசு அது பாட்டுக்குக் கணக்குப் போட்டது.

"சரி, உங்க இஷ்டம்" என்றாள் கடைசியில். டீ ஆறிப்போயிருந்தது.

மறுநாள் முன்பணத்தைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மா அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அலமாரி முழுக்கப் புத்தகம். சுவரில் கணவரின் படம். ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டில், சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பது போல ஒரு முகம்.

"எக்ஸ்ரே எடுக்கற வேலை. முப்பத்திரண்டு வருஷம்" என்றார் அம்மா. "பேசவே மாட்டார். நான்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன். இந்த வண்டி வாங்கினப்போகூட, எதுக்கு வீண் செலவு, இருக்கறதுலயே கம்மியா எதுவோ அதை வாங்குங்கன்னு ஒத்தைக் கால்ல நின்னேன். சரின்னுட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. அப்புறம் சொந்தக்காரங்க யார் வந்தாலும், எங்க வீட்டு மொட்டை வண்டியைப் பாருங்கன்னு நானே கேலி பண்ணுவேன். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்."

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"இப்போ யோசிச்சா ஒரு மாதிரியா இருக்கும்மா. சமையலறையில எந்த அலமாரிங்கறதிலேர்ந்து பையன் எந்தப் படிப்புங்கறது வரைக்கும் எல்லாம் நான் சொன்னதுதான். பாவம், தனக்குன்னு ஒண்ணு செய்யாம, என் பேச்சையே கேட்டு, வாழ்ந்து முடிச்சிட்டார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போடி உன் வேலையைப் பார்த்துக்கிட்டுன்னு சொல்லியிருக்கலாம்."

மெக்கானிக் கவரை நீட்டினான். டெய்லரக்கா சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அவர் சொல்லியிருக்கார்" என்றாள்.

"என்ன?"

"உங்க பேச்சைக் கேட்கலை. இந்த வண்டி மொட்டை மாடல் இல்லைம்மா. அதுக்கு ரெண்டு படி மேல. நாலு ஏர்பேக் இருக்கு. நேத்து கம்பெனியில நம்பரைக் குடுத்துக் கேட்டோம்."

அம்மாவின் முகம் இறுகியது. "அவர் என்கிட்ட பொய் சொல்ல மாட்டார்."

"வாங்க, காட்டறேன்."

மூன்று பேரும் ஷெட்டுக்குப் போனார்கள். டிக்கியில் எழுத்தின் சாயலைக் காட்டினாள். அம்மா நம்பவில்லை, ஏதாவது ஸ்டிக்கர் ஒட்டி எடுத்திருப்பார் என்றார். சாவியைத் திருப்பி மஞ்சள் விளக்கைக் காட்டினாள். அதுவும் எடுபடவில்லை. கடைசியில் கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, "இதைப் பிரிக்கட்டுமா?" என்று கேட்டாள். அம்மா தலையாட்டினார்.

பருத்தி நூல் நாலே வெட்டில் விட்டுக்கொடுத்தது. உறைக்கு அடியில், அசல் சீட்டின் ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சாம்பல் நிறத் துணிச்சீட்டு தைத்திருந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். எத்தனையோ ஆயிரம் புத்தகத்தின் பெயரைப் படித்தவர் அந்த ஒரு சொல்லைப் படிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"ஏர்பேக்" என்றார்.

பிறகு சீட்டின் விளிம்பில், கால் வெளியே இருக்க, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று டெய்லரக்கா எதிர்பார்த்தாள். அவருக்கு வந்தது கோபம்.

"எட்டு வருஷம்! எட்டு வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கார்! கேலி பண்ணப்போ எல்லாம் கூடச் சேர்ந்து சிரிச்சாரே, அது என்னைப் பார்த்துச் சிரிச்சதா?" மூச்சு வாங்கினார். "அந்த வருஷம் பூரா ஞாயித்துக்கிழமையும் டியூட்டிக்குப் போனார். ஆள் இல்லைன்னார். அதுக்கும் சண்டை போட்டேன். இந்த சீட் கவர் தைக்கற கடையில அரை நாள் உட்கார்ந்துட்டு வந்தார். உறை தைக்க அரை நாளான்னு அதுக்கும் சண்டை போட்டேன்."

அம்மாவின் குரல் இறங்கியது.

"தினம் இடிபட்டவங்களைத்தானே படம் எடுத்தார். ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது சொன்னார், பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்களுக்குத்தான் விலா எலும்பு போகுதுன்னு. சாப்பிடற நேரத்துல இதெல்லாம் எதுக்குன்னு வாயை அடைச்சிட்டேன். நான்தான் எப்பவும் பக்கத்து சீட்டு."

உட்கார்ந்திருந்த சீட்டை உள்ளங்கையால் ஒருமுறை தட்டினார். திடீரென்று ஏதோ தோன்றியவராக நிமிர்ந்தார்.

"ஆமா, இதைச் சொல்லாம வாங்கிட்டுப் போயிருக்கலாமே நீங்க?"

"அதாம்மா எங்க பிளானே" என்றான் மெக்கானிக், வாய் முந்திக்கொண்டது.

டெய்லரக்காவுக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். சிரிப்பு நிற்காமல் கண்ணில் நீர் வந்தது; எது சிரிப்பு, எது அழுகை என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இன்னிக்கு விக்க முடியாது. போயிட்டு வாங்க" என்றார் கடைசியில்.

திரும்பி வரும்போது மெக்கானிக் ஸ்கூட்டரை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினான். வீட்டு வாசலில் நிறுத்தியபோது, "காரும் போச்சு, மிஷினும் போச்சு" என்றான். அதில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம்.

அடுத்த நாலு வாரத்தில் இன்னும் ஐந்து கார் பார்த்தார்கள். ஒன்றில் சீட் மூன்றாவது வேரியண்டுடையது, கதவு முதல் வேரியண்டுடையது. இரண்டு வண்டியை வெட்டி ஒட்டியது போல. இன்னொன்றின் சொந்தக்காரர் சேஸிஸ் நம்பரைக் காட்டவே மாட்டேன் என்றார். ஓட்டலுக்குக் கொடுக்க வேண்டிய மூட்டைகளை அவள் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். அந்த அம்மாவிடம் சொன்னது சரிதானா என்ற கேள்வி மிஷின் ஓடும்போதெல்லாம் வந்து போயிற்று. சொல்லாமல் விட்டிருந்தால் தன் மனசுதான் குறுகுறுத்திருக்கும். சொல்லி, இன்னொருவர் மனசைக் கலைத்துவிட்டோமோ? ஒரு மனுஷன் எட்டு வருடம் பொத்திப் பொத்தி வைத்ததைக் கத்தரிக்கோலால் நாலே வெட்டில் பிரித்துப்போட்டது அவளுக்குச் சில சமயம் அதிகப்பிரசங்கித்தனமாகவும் பட்டது.

ஐந்தாவது வாரம் போன் வந்தது.

"வண்டி இருக்கும்மா. உங்களுக்கு வேணுமா?" என்றார் நூலகத்து அம்மா. "பையன் இப்போ சரியான விலையைப் பார்த்துச் சொல்லியிருக்கான். அது கொஞ்சம் ஏறித்தான் இருக்கு. நீங்க சொன்னீங்கங்கறதுக்காக அடி மாடல் விலைக்குத் தர மாட்டேன். அவர் கஷ்டப்பட்டு வாங்கினது. ஆனா முதல்ல உங்களைக் கேட்டுட்டுத்தான் வேற ஆளைப் பார்ப்பேன்."

மெக்கானிக் கை நீட்டி போனை வாங்கிக்கொண்டான். பேரம் பேசப் போகிறான் என்று அவள் நினைத்தாள். "வர்றோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

மூச்சைப் பிடித்துத்தான் வாங்கினார்கள். துணி வெட்டும் மிஷின் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போயிற்று. வண்டிப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்தெல்லாம் முடிந்து வெளியே வந்தபோது காலை பதினொரு மணி. டெய்லரக்கா பின் கதவைத் திறந்து வைத்தாள்.

"உங்களை வீட்டுல விட்டுட்டுப் போறோம், ஏறுங்கம்மா."

"வேண்டாம்மா. நூலகத்துல ஒரு வேலை இருக்கு. பஸ் நேரா போகும்."

அம்மா நகராமல் நின்றார். டெய்லரக்கா தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டாள்.

"அம்மா, நான் சொல்லாம இருந்திருக்கணுமோ?"

அம்மா யோசித்தார். ஒப்புக்குப் பதில் சொல்கிறவர் இல்லை அவர்.

"தெரியலைம்மா. முன்னாடி அவரை நினைச்சா பாவமா இருக்கும். இப்போ கோபம் கோபமா வருது. தினமும் போய் அந்த சீட்டுல உட்கார்ந்து நல்லா கேட்டேன். ஏன்யா சொல்லலை, நான் என்ன பேயா பிசாசான்னு. கோபம் வந்தா ஆள் பக்கத்துல இருக்கற மாதிரியே இருக்கு. என்ன, பதிலுக்குச் சண்டை போடத்தான் ஆள் இல்லை." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இருந்திருந்தா மட்டும் எங்க போட்டிருக்கப் போறார்? சிரிச்சிருப்பார்."

பஸ் வந்தது. அம்மா படியைப் பிடித்து ஏறி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

மெக்கானிக் வண்டியைக் கிளப்பினான். டெய்லரக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள். பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு அறுபது கோட்டு கொடுக்க வேண்டும். முதலில் வீட்டுக்குப் போய் மூட்டைகளை ஏற்ற வேண்டும்.

"மெதுவா போங்க" என்றாள்.

"மெதுவாத்தான் போறேன்" என்றான் அவன்.